சர்வோ மோட்டார் நிற்கும்போது அலாரம் அடிக்கிறதா? ரெசிஸ்டரைப் பாருங்கள்

தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் இயந்திரம் படுவேகமாக ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடியும் ஓடும். அப்படி நிற்கும் நேரத்தில் 'ஓவர்வோல்டேஜ்' அலாரம் வந்தால், டிரைவ் கெட்டுப்போச்சு என்று உடனே முடிவுகட்டாதீங்க.

என்ன நடக்கிறது?

வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடுகிறது. சுழன்றுகொண்டிருந்த சுமையின் ஆற்றல் மின்சாரமாக டிரைவுக்கே திரும்புகிறது.

சிங்கப்பூரின் 230 வோல்ட் மின்சாரத்தில் டிரைவுக்குள் சுமார் 325 வோல்ட் டிசி இருக்கும். திரும்பி வரும் மின்சாரம் அதை 400 வோல்ட் பக்கம் தள்ளும். ரயில் பிரேக் போட்டால் அந்த மின்சாரத்தை அருகில் ஓடும் இன்னொரு ரயில் எடுத்துக்கொள்ளலாம். தனி இயந்திரத்துக்கு ஏது அந்த வசதி? ரெசிஸ்டரில் வெப்பமாக எரித்துவிடுவதே வழக்கம்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஓம். டிரைவின் கையேட்டில் குறைந்தபட்ச அளவு இருக்கும். அதற்குக் கீழே போகவே கூடாது.

"ஓம் குறைஞ்சா பிரேக் நல்லா பிடிக்குமே?" பிடிக்கும்தான். ஆனால் 390 வோல்ட்டில் 50 ஓம் ரெசிஸ்டர் 7.8 ஆம்பியர் இழுக்கும். 20 ஓம் என்றால் 19.5 ஆம்பியர். டிரைவால் அதைத் தாங்க முடியாவிட்டால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் கருகும். சின்ன பாகத்தில் மிச்சம் பிடிக்கப் போய் டிரைவையே மாற்ற வேண்டி வரலாம். ஓம் மிக அதிகமானால் பழைய அலாரமே திரும்ப வரும்.

அடுத்தது வாட். மோட்டார் எவ்வளவு பெரிசு என்பதைவிட, எத்தனை முறை நிற்கிறது என்பதே முக்கியம். மோட்டாரும் சுமையும் சேர்ந்த நிலைமம் 0.01 கிலோகிராம் சதுர மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை நின்றால் சுமார் 490 ஜூல் வெளிவரும். 20 வினாடிக்கு ஒருமுறை நின்றால் சராசரி 25 வாட்கூட இல்லை. 2 வினாடிக்கு ஒருமுறை என்றால் 245 வாட்! வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும். பளுவைக் கீழே இறக்கும் இயந்திரமா? இறங்கும் நேரம் முழுக்க மின்சாரம் திரும்பும்; அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அப்போ 250 வாட் ரெசிஸ்டர் போதுமா? போதாது. மேலே அச்சிட்ட வாட் அளவு நல்ல குளிரூட்டலில் கிடைப்பது. மூடிய பெட்டிக்குள், நம்ம ஊர் வெயிலில், அதில் ஒரு பகுதிதான் தேறும். அதனால் இரண்டு, மூன்று மடங்கு பெரியதாக எடுப்பது நல்லது. மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். வயர்களை ஒட்டி மாட்டாதீங்க. சூடு மிஞ்சினால் இயந்திரத்தை நிறுத்தும் வெப்ப சுவிட்ச் உள்ள ரெசிஸ்டராகப் பார்த்து வாங்குங்கள்.

புதுசு மாட்டியும் அலாரம் நிற்கவில்லையா? டிரைவுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருந்தால், பல மாடல்களில் அதன் இணைப்புக் கம்பியைக் கழற்றவேண்டும். அமைப்பிலும் புதிய அளவைப் பதிவுசெய்யவேண்டும். அவசரத்தில் பலரும் மறப்பது இதைத்தான்.