இரவோடிரவாக மேலே வருகிறவை

கண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "காலையில் வாவியைச் சுற்றி நடக்கிறேன். சில நாட்களில் கரையோரம் பச்சைப் பெயின்ற் ஊற்றினது போலக் கிடக்கிறது. பின்னேரம் பார்த்தால் பாதியைக் காணோம். ஒரே இரவில் இவ்வளவு எப்படி முளைக்கிறது?"

முளைக்கவே இல்லை. கீழே கிடந்தது மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். 'ஒரே இரவில் பெருகிய நச்சுப்பாசி' என்று தலைப்புப் போடுவது பத்திரிகைகளுக்கு வசதி. ஆனால் மைக்குரோசிஸ்டிஸ் என்ற இந்த நீலப்பச்சைப் பற்றீரியா குளத்தில் ஒருமுறை இரட்டிக்கவே ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். வெளிச்சமில்லாத இரவில் அது வளர வழியுமில்லை. நேற்றுவரை நீர் முழுக்கப் பரந்து கிடந்த கூட்டம், காற்று ஓய்ந்த இரவில் ஏறி மேற்பரப்பில் படலமாகத் திரள்கிறது. விடிந்தபின் வீசும் இளங்காற்று அதை ஒரு கரைக்கு ஒதுக்குகிறது.

கண்டி வாவியில் 1999இல் இது திரண்டதை ஈ. ஐ. எல். சில்வா 2003இல் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் விரிவாக எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கொத்மலை நீர்த்தேக்கத்திலும் இதே ஆள் தலைகாட்டியது. வரலாறும் வேண்டும் என்பவர்களுக்கு: ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்துக் கட்டுவித்த வாவி இது. எட்டே ஆண்டில் அரசு போயிற்று, வாவி நின்றது. பிறகு சுற்றிலும் ஹோட்டல்களும் வீடுகளும் வந்தன. மழைத் தண்ணீரோடு என்னென்ன இறங்கும் என்று கண்டிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மிதக்கும் வித்தைக்கு வருவோம். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் உண்டு. ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழப் பதினையாயிரத்தில் ஒரு பங்கு. கயிறு சுற்றிய பிட்டுக் குழலை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கிலும் கயிறும் போலவே இங்கும் இரண்டு புரதங்கள்: ஒன்று குழலையே கட்டுகிறது, மற்றது வெளியே இறுக்கிப் பிடிக்கிறது. பிட்டுக் குழலுக்குள் ஆவி ஏறுவது போல இதன் சுவரூடாகவும் வாயு தாராளமாகப் போய்வரும். நீர் மட்டும் நுழையாது. உட்புறம் நீரை ஒட்டவிடாத தன்மை கொண்டது. ஆகவே யாரும் ஊதி நிரப்புவதில்லை. குழல் நீளநீள, நீரில் கரைந்திருக்கும் வாயு தானாகவே உள்ளே வந்து அமர்கிறது. கயிறு அறுந்தால் குழல் எளிதில் நசுங்கும், அதுவும் பொருந்துகிறது. ஆனால் இதற்கு இரண்டு முனையும் கூம்பாக அடைபட்டிருக்கும்; மாவும் போட முடியாது, தேங்காய்ப்பூவும் போட முடியாது. பிட்டை இத்தோடு இறக்கிவிடலாம்.

குழல்கள் தூக்கிக்கொண்டே இருந்தால் பிறகு இறங்குவது எப்படி? பகலில் ஒளித்தொகுப்பால் சேரும் மாச்சத்து கலத்துக்குப் பாரமாகிறது. போதிய அளவு சேர்ந்ததும் கலம் கீழே போகும். இரவில் அதைச் சுவாசித்துச் செலவழித்ததும் இலேசாகி மேலே ஏறும். தனிக் கலம் ஏறினால் ஆமை வேகந்தான். பசைக்குள் ஆயிரமாயிரமாக ஒட்டித் திரண்டால், விட்டம் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்கு என்ற கணக்கில், சில மீற்றர் ஆழத்திலிருந்து விடியுமுன் வந்துவிடும்.

1895இல் கிளேபான் என்ற ஜெர்மானியர் இப்படி மிதந்த பாசியைப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி, தக்கையை இறுக்கி, சுத்தியலால் ஓங்கி அடித்தார். அழுத்தத்தில் குழல்கள் நசுங்க, பாசி அடியில் படிந்தது. இன்றைய கருவிகள் பலவற்றைவிட எனக்கு அந்தச் சுத்தியல் மேல்.

இந்தக் குழலுக்கான பரம்பரையலகுகள் பத்துக்கு மேல், ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. பாரிஸ் பாஸ்டர் நிறுவகச் சேகரிப்பின் மைக்குரோசிஸ்டிஸ் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2004இல் சொன்ன செய்தி வேடிக்கையானது. ஆய்வுகூடக் குடுவையில் வளர்ந்த சில கலங்கள் மிதப்பதையே மறந்துவிட்டன. இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகள் அந்தப் பரம்பரையலகுகளுக்குள் புகுந்து குலைத்திருந்தன. குடுவையில் எங்கும் வெளிச்சம், ஆகவே மிதக்காதவருக்கும் சோறு உண்டு. வாவியில் அப்படி ஒரு கலம் பிறந்தால் கலங்கலுக்குள் இருட்டில் கிடக்க வேண்டியதுதான். இந்த இனத்தின் டி.என்.ஏ.யில் இத்தகைய தாவும் துண்டுகள் ஏராளம்; இருந்தும் குளங்களில் குழல் தப்பி நிற்பது இயற்கைத் தேர்வின் கண்டிப்பு.

நச்சு இன்னொரு கதை. மைக்குரோசிஸ்டின் என்ற அந்த நச்சைத் தயாரிக்கும் பத்துப் பரம்பரையலகுகள் சில வகைகளிடம் உண்டு, சிலவற்றிடம் இல்லை. நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எனவே பச்சையைக் கண்டதுமே 'விஷ வாவி' என்று எழுதுபவரும், 'வெறும் பாசிதானே' என்பவரும் சோதிக்காமல் பேசுகிறவர்களே. இந்த நச்சு கொதிக்கவைத்தால் போகாது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இது கலந்த நீரால் குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொண்ட 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தனர்.

மிதப்புக்குத் திரும்பினால், கடலிலும் அதுதான் விஷயம். 2019இல் மன்னார் வளைகுடாவைப் பச்சையாக்கிய நொக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் வாயுக்குழல் வைத்திருப்பதில்லை. சோடியத்தைவிட இலேசான அமோனியத்தை உடலுக்குள் சேர்த்து மிதக்கிறது.

மறுபடி வாவிக்கு வந்தால், தீர்வு விற்பவர்களுக்குக் குறைவில்லை. நுண்ணுயிர் கலந்த மண்ணுருண்டை எறிந்தால் தெளியும் என்பார்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தினர் சோதித்து 2010இல் அது உதவாது என்று எழுதிவிட்டார்கள். கடைகளில் வரும் மீயொலிக் கருவிகளுக்கும் அவர்களிடம் அதே கதிதான். வேலை செய்தது ஆம்ஸ்டர்டாமின் நியூவெ மேர் ஏரியில் 1990களில் செய்த காரியம்: அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விட்டு நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். கலக்கிய நீரில் மிதக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே நிலை. மைக்குரோசிஸ்டிஸ் பின்வாங்க மற்றப் பாசிகள் முந்தின. ஆனால் அது ஆழமான ஏரி. ஆழங்குறைந்த இடத்தில் அதையே செய்தால் அடிச்சேறு கலங்கி, அங்கே படிந்த பொசுபரசு மேலே வரும். அப்போது மைக்குரோசிஸ்டிஸுக்குக் குழல்கூடத் தேவைப்படாது, சாப்பாடே மேலே வந்துவிடும்.