வால்வு செட்: ஒயரா, போர்டா?

கடையநல்லூர்ப் பக்கத்துக் கோயில் கொடைகளில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட வால்வு ஆம்ப்ளிஃபயருக்குத் தென்மாவட்டங்களில் இன்றும் ரசிகர்கள் உண்டு. பழைய செட்டைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினால், வால்வு சாக்கெட்டின் காலிலிருந்து டேக் ஸ்ட்ரிப்புக்கு ரெசிஸ்டரும் கண்டென்சரும் நேரடியாக நீண்டு, கையால் வைத்த ஈயத்தில் நிற்கும். இந்தக் கைவேலைதான் அந்தக் குரலைத் தருகிறது, சர்க்யூட் போர்டில் கட்டினால் அது போய்விடும் என்பார்கள். கைவேலையின் மேன்மையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த மேன்மையைக் குரலில் அல்ல, வெப்பத்தைத் தாங்குவதிலும் பழுதுபார்ப்பிலும் தேட வேண்டும்.

மின்சாரத்துக்குச் செம்புக் கம்பியும் போர்டில் ஒட்டிய செம்புத் தடமும் ஒன்றுதான். அருகில் என்ன ஓடுகிறது என்பதே முக்கியம். 10 லட்சம் ஓம் தடை வழியாக வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட்டுக்குச் சிக்னல் வரும் இடத்தில் வெறும் 10 பிகோஃபாரட் மின்தேக்கம் அண்டினாலே, 16,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் மங்கிவிடும். போர்டில் தடங்கள் நெருங்கினாலும் இது நேரும், கையால் கட்டிய செட்டில் ஒயர் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் நேரும். ஃபிலமென்ட் ஒயர்களை முறுக்கி, கிரிட்டுக்கு எட்டாமல் சேசிஸ் ஓரமாகக் கொண்டுபோவதும் இரைச்சல் புகாமலிருக்கத்தான். போர்டை ஒருமுறை சரியாக வரைந்துவிட்டால் எல்லாச் செட்டுக்கும் அதே ஒழுங்கு கிடைக்கும். கைவேலையில் அது ஒவ்வொரு முறையும் கட்டுபவரின் நிதானத்தைப் பொறுத்தது.

வெப்பத்தில்தான் கணக்கு மாறுகிறது. ஒரு இஎல்34 வால்வின் ஃபிலமென்ட் மட்டும் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுக்கிறது. அதன் ஆனோடு 25 வாட் வரை சூட்டைக் கக்கலாம். அந்தச் சாக்கெட்டைப் போர்டிலேயே பதித்தால், விடிய விடியப் பாடும் செட்டில் ஈயப்பற்று விரிந்து சுருங்கி வெடிக்கும், போர்டு கருகும், கருகிய இடத்தின் வழியே உயர் வோல்ட்டேஜ் கசியும். சேசிஸில் திருகிய சாக்கெட்டில் சூடும் வால்வைப் பிடுங்கும் விசையும் இரும்போடு போய்விடும். டேக் ஸ்ட்ரிப்பில் எத்தனை முறையும் ஈயத்தை எடுத்து வைக்கலாம், போர்டிலோ செம்புத் தடம் உரிந்துவரும். அப்படியானால் வால்வுக்குப் போர்டே ஆகாதா? 1959இல் அமெரிக்காவில் வந்த டைனாக்கோ எஸ்டி-70 இதற்கு விடை. சிறு வால்வுகள் போர்டில், நான்கு இஎல்34களும் சேசிஸில். அது பெருமளவில் விற்றது, இன்றும் பல செட்டுகள் ஓடுகின்றன.

‘காதுக்கு வித்தியாசம் தெரிகிறதே’ என்றால், தெரியத்தான் செய்யும். பழைய செட்டையும் புதிய போர்டு செட்டையும் ஒப்பிடும்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், கப்ளிங் கண்டென்சர், வால்வு எல்லாமே மாறிவிடுகின்றன. அவற்றை அப்படியே வைத்து ஒயரிங்கை மட்டும் மாற்றிக் கேட்டால்தான் அது ஒயரிங்கைப் பற்றிய சோதனையாகும்.