உங்களுக்குத் தெரியுமா? ஈஸ்ட் சேர்க்காமலே புளிக்கும் பானம்

ஆஸ்திரியாவின் சிறு திராட்சைத் தோட்டங்களில் தயாராகும் ‘இயற்கை ஒயின்’ இன்று பல நாடுகளில் விரும்பிச் சுவைக்கப்படுகிறது. விலைக்கு வாங்கிய ஈஸ்டைச் சேர்க்காமல், பழத்திலும் தொட்டியிலும் தானாகவே வாழும் ஈஸ்டைக் கொண்டு சாற்றைப் புளிக்கவிடுவதே அதன் அடிப்படை. சேலம், நாமக்கல் சமவெளியின் பனையும் தென்னையும் தரும் கள்ளும் இதே விதியில் உருவானதுதான். பாளையைச் சீவியதும் சொட்டும் இனிப்புச் சாற்றில் காற்று, பூச்சி, பழைய கலயம் வழியே ஈஸ்ட் சேர்ந்து, சில மணி நேரத்திலேயே சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றத் தொடங்குகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதே சாறு புளிக்காமல் பதநீராக நிற்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களை அடக்கிவிடுகிறது. புளிக்கவைப்பது சாறு அல்ல, நுண்ணுயிர்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இயற்கையாகப் புளித்தது என்றால் தீங்கற்றதுதானே என்று சிலர் கேட்கலாம். ஈஸ்ட் எங்கிருந்து வந்தாலும் அது உண்டாக்கும் ஆல்கஹால் ஒன்றே; உடலுக்கு அது செய்யும் கேடும் ஒன்றே. அந்தக் கேட்டைத் தடுக்கத்தான் ராஜாஜி ஆட்சியில், 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது, இன்றைய நாமக்கல்லையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். இன்று தமிழ்நாட்டில் சீமைச் சரக்கு கடையில் விற்கும்போது, 1987 முதல் கள்ளுக்கு மட்டும் தடை ஏன் என்று உழவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் கள்ளை மருந்தாக்கிவிடாது. மரத்தின் சுவையை அறிய விரும்புவோர் பதநீரைத் தேடி வாங்குங்கள். மரமேறிக்கும் அது வாழ்வு தரும்.