மோட்டார் வண்டிக்குப் பெட்ரோலா, மின்சாரமா? படவேட்டுக் குடியானவர்களுக்கு ஒரு கணக்கு

கவலை கட்டி நீர் இறைத்த காலம் போய் ஆயில் எஞ்சின் வந்தது. 1932இல் பைக்காராவிலும் 1937இல் மேட்டூரிலும் நீர்மின்சாரம் உற்பத்தியான பின்னர், எஞ்சினின் இடத்தை மின்சார மோட்டார் படிப்படியாய்க் கைப்பற்றியது. அக்காலத்துக் குடியானவர் புதுமையை விரும்பி மாறினாரில்லை. ஏக்கருக்கு என்ன செலவு என்று பார்த்தே மாறினார். இப்பொழுது மின்சாரக் காரைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்பது முறையாகும்.

ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டில் வாழைத்தோட்டமுடைய ஒருவர் மாதம் 1,000 கிலோமீட்டர் வண்டியோட்டுவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடுமாயின், லிட்டர் 100 ரூபாய் விலையில் மாதச் செலவு ஏறக்குறைய 5,550 ரூபாய். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால் 143 யூனிட் தேவை. யூனிட் 8 ரூபாயெனினும் 1,150 ரூபாய்க்கு மிகாது. ஆகவே மாதம் 4,400 ரூபாயும், வருஷத்துக்குச் சுமார் 53,000 ரூபாயும் மீதமாகும். எஞ்சின் எண்ணெய், கிளட்ச் முதலியன இவ்வண்டியில் இல்லையாதலின், பராமரிப்புச் செலவும் குறைவே.

ஆனால் வாங்கும் விலையை மறத்தலாகாது. மின்சார வண்டிக்குச் சரக்கு சேவை வரி 2019 ஆகஸ்டு முதல் 5 சதவீதந்தான். எனினும் 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களின் வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டமையால் இருவகை வண்டிகளின் விலைகளையும் அவ்வப்பொழுது விசாரித்தறிதல் வேண்டும். வித்தியாசம் 3 லட்சமெனில், மேற்படி மிச்சத்தால் அது தீர ஐந்தே முக்கால் வருஷம் செல்லும். மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கோ பதினோரு வருஷத்துக்கு மேலாகும். பாட்டரிக்குக் கம்பெனிகள் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் 8 வருஷமே. அத்தகையோர் காருக்கு அவசரப்படாமல், தோட்டத்துக்கும் பால் சங்கத்துக்கும் போய்வர மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது எமது அபிப்பிராயம். அவ்வண்டிகள் ஓசூரிலும் ராணிப்பேட்டையிலும் நம் அண்டையிலேயே உற்பத்தியாகின்றன.

மின்கட்டண அட்டவணையில் ஒரு கண்ணி உண்டு. நமது மாகாணத்தில் வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். காருக்காக இரு மாதத்தில் 286 யூனிட் கூடினால், முன்பு 300 யூனிட் செலவிட்ட வீடு 500ஐத் தாண்டிவிடும். அப்பால் விகிதமும் உயரும். இதற்குப் பரிகாரமாக, 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீட்டுத் திட்டத்தைக் கவனிக்கலாம். 3 கிலோவாட் கூரைத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும்.

கிணற்று மோட்டாருக்கு இலவசமாய் வரும் மின்சாரத்தில் காருக்குச் சார்ஜ் ஏற்றலாமே என்று எண்ணுவோர் இருக்கக்கூடும். அது கூடாது. விவசாய இணைப்பைப் பிற காரியத்துக்கு உபயோகிப்பது 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் 126ஆவது பிரிவின்படி அனுமதியற்ற உபயோகம். உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கப்படும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு முன்னதாகவே எடுத்துரைப்பது நலம்.

போளூர், ஆரணி, வேலூர் எதற்குப் போய்வந்தாலும் 100 கிலோமீட்டருக்குள் அடங்கும். 24 யூனிட் கொள்ளும் சிறிய பாட்டரியே இதற்குப் போதும். மலையேறுகையில் சார்ஜ் விரைந்து குறையும். இறங்குகையில் மோட்டாரே வண்டியைத் தடுத்துச் சிறிதளவு மின்சாரத்தைத் திரும்பச் சேர்க்கும்.

பணம் ஒன்றே காரணமன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, பஸ்கள் கரிவாயுவில் ஓடியதைப் பெரியோர் சொல்லக் கேட்டவர்கள் இருப்பர். நம் தேசம் கச்சா எண்ணெயில் மிகப்பெரும் பகுதியை இன்றும் அயல்நாட்டிலிருந்தே வாங்குகிறது.

வாங்கத் தீர்மானித்தவர்கள் முதலில் வீட்டு வயரிங்கைத் தேர்ந்த மின்தொழிலாளரைக் கொண்டு பரிசோதிக்கவேண்டும். காருக்கென்று தனிக் கம்பியும், 16 ஆம்பியர் பிளக்கும், சரியான எர்த்தும் அவசியம். கிணற்று மோட்டாருக்கு எர்த் இல்லாமல் நேர்ந்த ஆபத்துக்களை அறியாத கிராமம் இல்லை. சாதாரண வீட்டு பிளக்கில் சிறிய பாட்டரி நிரம்ப எட்டு மணி நேரம் பிடிக்கும்; இரவில் மாட்டிவிட்டால் விடியற்காலையில் வண்டி தயாராயிருக்கும்.