நித்திரையின்மைக்கு நிவாரணம் எது?

சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் இன்ஸ்பெக்டரிடம் அங்கத்தினர்கள் கடனையும் கூலியையும் பற்றி மட்டுமே பேசுவார்கள் என்று எண்ணுவதற்கில்லை. தேக அசௌகரியங்களும் பேச்சில் வரும். நாற்பது வயதைக் கடந்த நெசவாளரும் குடியானவரும் அடிக்கடி கேட்பது, "இராத்திரியில் தூக்கம் வர எந்த மாத்திரை நல்லது?" என்பதாகும். இன்ன மாத்திரை என்று சொல்லும் உரிமை வைத்தியருக்கே உண்டு. ஆயினும், உறக்கத்திற்கென்று விற்கப்படும் பொருள்களில் எவை எவ்வளவு பலன் தருபவை என்று ருசுவாகியுள்ளன என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். கைப்பணம் செலவாவது மட்டுமன்று, சில சமயம் உயிரே இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

நாட்பட்ட நித்திரையின்மை என்று வைத்தியர்கள் எதைக் கூறுகிறார்கள்? உறங்குவதற்கு வசதியும் நேரமும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவுகளேனும் உறக்கம் வராமலோ, இடையில் கலைந்து மீளாமலோ போய், அதனால் பகல் வேலை கெட்டு, இந்நிலை மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நீடிப்பதையே அவ்வாறு கூறுகிறார்கள். தீபாவளிச் சரக்கை முடித்துக் கொடுக்க இரவெல்லாம் தறியில் அமர்ந்தவரும், மும்முனை மின்சாரம் வரும் வேளை பார்த்து நடுநிசியில் மோட்டார் போடச் சென்றவரும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். அவர்களுக்குத் தூக்கம் வராமலில்லை, தூங்க நேரமில்லை. அதற்கு மாத்திரை பரிகாரம் ஆகாது.

மாத்திரைகளின் சரித்திரம் சற்று எச்சரிக்கை தருவதாகவே இருக்கிறது. 1903ஆம் ஆண்டில் எமில் பிஷர், யோசேப் பான் மெரிங் என்ற ஜெர்மானியர் இருவர் பார்பிட்டால் என்னும் மருந்தின் நித்திரை குணத்தை வெளியிட்டனர். அவ்வகை மருந்துகளில் உறங்க வைக்கும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. பின்னர் 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் விற்பனைக்கு வந்தது. அபாயமற்ற தூக்க மருந்து என்று அது விளம்பரம் செய்யப்பட்டது. கர்ப்பிணிகள் அதை உட்கொண்டதனால் பல நாடுகளிலுமாகச் சுமார் 10,000 குழந்தைகள் அங்கக் குறைவுடன் பிறந்தன. 1961 நவம்பரில் அது அந்நாட்டுக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. 1960இல் குளோர்டயாஸெபாக்ஸைடும் 1963இல் டயாஸெபமும் வந்தன. இன்று நம் ஊர்களில் அதிகம் அடிபடும் அல்பிரஸோலம் இந்த வமிசத்தைச் சேர்ந்ததே. ஸோல்பிடம் என்பது சற்று வேறான வகை. அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது.

இம்மருந்துகள் பலன் தருகின்றனவா என்றால், தருகின்றன. ஆனால் ஜனங்கள் எண்ணும் அளவுக்கு அன்று. ஸோல்பிடமும் அதனைச் சேர்ந்த மருந்துகளும், மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் காட்டிலும் சுமார் 20 நிமிஷம் முன்னதாக உறக்கத்தைக் கொணர்கின்றன என்பது பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் கண்ட முடிவு. வெறும் மாத்திரையை உட்கொண்டவர்களுக்கும், மருந்து உட்கொண்டோம் என்ற நம்பிக்கையால் ஓரளவு உறக்கம் கூடிற்று என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

நம் சங்கங்களில் குறுகிய காலக் கடன் என்பதன் நோக்கம் அனைவரும் அறிந்ததே. விதைப்புக்கு வாங்கி அறுப்பில் அடைப்பது அதன் முறை. அடைக்காமல், பழைய கடனுக்குப் புதிய கடனை எழுதிப் புத்தகத்தில் மட்டும் சரிக்கட்டிக்கொண்டு வருபவரின் நிலைமை ஆண்டுதோறும் மோசமாகும். தூக்க மாத்திரையும் குறுகிய காலக் கடனே. துக்கம், விபத்து, ஆஸ்பத்திரி வாசம் போன்ற சமயங்களில் சில நாட்கள், அல்லது இரண்டு மூன்று வாரங்கள் என்று வைத்தியர் அதைக் கொடுப்பது நியாயமே. நீடித்துச் சாப்பிட்டால் அரை மாத்திரை செய்த வேலையைச் செய்ய ஒரு மாத்திரை தேவையாகிறது. நிறுத்த முயன்றாலோ முதற் சில இரவுகளில் முன்னிருந்ததைவிட மோசமான விழிப்பு ஏற்படுகிறது. "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே கிடையாது" என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். அந்த விழிப்பு பெரும்பாலும் பழைய வியாதி திரும்பியதால் ஏற்பட்டதன்று. மாத்திரையை நிறுத்தியதன் விளைவு. இதை அறியாமலேயே பலர் பத்து வருஷக் கடனாளிகள் ஆகிவிடுகிறார்கள்.

இவ்வாறு மாதக்கணக்கில் அல்பிரஸோலம் போன்றவற்றைச் சாப்பிட்டு வருபவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது என்பதை மிகவும் வற்புறுத்திக் கூற வேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு உண்டாகக்கூடும். வைத்தியரின் மேற்பார்வையில் பல வாரங்களில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். மேலும், இவற்றை மதுவுடனோ கடும் வலி நிவாரணிகளுடனோ சேர்த்து உட்கொள்வது மூச்சை நிறுத்திவிடக் கூடியது. இரவில் எழுந்து கிணற்றடிக்குச் செல்லும் முதியவர் இம்மருந்தின் மயக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், பிறகு அவர் தறிக்குழியில் இறங்குவது கடினம். 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு இவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் கூறுகிறது. ஸோல்பிடம் சாப்பிட்டவர்களில் சிலர் உறக்கத்திலேயே எழுந்து நடந்து, வண்டியும் ஓட்டி, மறுநாள் எதையும் நினைவில் வைத்திராமல் இருந்ததால், 2019இல் அந்நாட்டு அரசாங்கம் அதன் உறையில் கடும் எச்சரிக்கை அச்சிடச் செய்தது.

நம் நாட்டிலும் இம்மருந்துகள் எச்-1 அட்டவணையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2014 மார்ச் முதல், வைத்தியரின் சீட்டு, நோயாளியின் பெயர், விற்ற அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் கடையில் நாலு மாத்திரை வாங்குபவர், பற்றுச்சீட்டின்றிப் பணம் கட்டும் அங்கத்தினரைப் போன்றவரே.

சீட்டின்றிக் கிடைப்பவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் மாத்திரை மயக்கம் தரும். சில நாட்களில் அந்த மயக்கமும் பழகிப்போகும். முதியவருக்குச் சிறுநீர் அடைப்பையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கும். மெலடோனின் சராசரி ஏழு நிமிஷம் உறக்கத்தை முன்னே கொணர்கிறது என்று தெரிகிறது. அமுக்கிராக்கிழங்குக்குச் சிறிய சோதனைகளில் கொஞ்சம் அனுகூலம் காணப்பட்டிருக்கிறது. அபூர்வமாகச் சிலருக்கு ஈரல் கெட்டதும் உண்டு. ஜாதிக்காய் அளவு மீறினால் பிதற்றலும் நெஞ்சுப் படபடப்பும் உண்டாகும். சாராயம் சீக்கிரம் உறங்க வைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடும். வெதுவெதுப்பான பாலில் தீங்கில்லை. அதைக் குடித்தே தீர்ந்தது என்பவரோடு வாதாடவும் வேண்டியதில்லை.

அப்படியாயின் நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற் சிகிச்சை யாது? 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியும் 2017இல் ஐரோப்பிய நித்திரை ஆராய்ச்சியாளரும் ஒரே விடையைக் கூறினர்: மருந்தில்லாத பழக்கச் சிகிச்சை. அது உறக்கத்தைச் சுமார் 19 நிமிஷம் முன்னே கொணர்கிறது; நடுஇரவு விழிப்பைச் சுமார் 26 நிமிஷம் குறைக்கிறது. மாத்திரைக்கு ஏறக்குறைய சமமான பலன். ஆனால் சிகிச்சை முடிந்த பின்னரும் பெருமளவு நிலைத்திருக்கும் பலன்.

அதன் அடிப்படை கணக்கெழுதுவதே என்பதில் எமக்கு ஒரு தனித் திருப்தி. இரண்டு வாரங்களுக்கு நாள்வழி போல, படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், இடையில் விழித்தது, எழுந்தது ஆகியவற்றைக் காலையில் குறிக்க வேண்டும். இரவில் கடிகாரத்தைப் பார்த்து எழுதலாகாது, குத்துமதிப்பே போதும். ஒருவர் இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகிறார், உண்மையில் உறங்கியது ஐந்தரை மணி என்று வைத்துக்கொள்வோம். பாயில் கழிந்தது 540 நிமிஷம், உறங்கியது 330 நிமிஷம், விகிதம் 61. அதாவது, நூறு ரூபாய் முதலுக்கு முப்பத்தொன்பது ரூபாய் வேலை செய்யாமல் கிடக்கிறது. அவர் இனி ஐந்தரை மணி நேரமே பாயில் இருக்க வேண்டும்: தினமும் காலை 5 மணிக்கு எழ வேண்டும், இரவு 11.30க்கு முன் படுக்கலாகாது. விகிதம் ஒரு வாரம் 85க்கு மேல் நின்றால் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே ஒருபோதும் குறைக்கக் கூடாது. 1987இல் ஆர்தர் ஸ்பீல்மன் என்பவர் வெளியிட்ட முறை இது.

தூங்காதவனை மேலும் விழித்திருக்கச் சொல்வது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் உறக்கப் பசி சேர்ந்துகொண்டே வருகிறது; சீக்கிரம் படுத்துப் புரள்வதும் பகலில் நெடுநேரம் தூங்குவதும் அப்பசியைக் கெடுக்கின்றன. மாலைத் தேநீரும் அவ்வாறே. அதிலுள்ள காபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரமாகிறது. பாயில் கிடந்து உறக்கம் வராமல் இருபது நிமிஷம் போல ஆகிவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்ப வேண்டும். இதை 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் வகுத்தார். ஒரே அறையில் பாயும் தறியும் உள்ள வீட்டில் வேறிடத்துக்கு எங்கே போவது? திண்ணை போதும். ஆனால் கைப்பேசியுடன் போகக் கூடாது.

கவலையால் விழிப்பவர் மறுநாள் செய்யவேண்டியவற்றைப் படுக்குமுன் ஐந்து நிமிஷம் எழுதிவைப்பது நன்று. 2018இல் பெய்லர் சர்வகலாசாலையில் 57 இளைஞரைக் கொண்டு செய்த சோதனையில், அவ்வாறு எழுதியவர்கள், முடிந்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாக உறங்கினர். தவணை பாக்கியே கவலையாயின், அதைச் சங்கக் காரியதரிசியிடம் பகலில் பேசுவது உசிதம். பாக்கிதாரருக்கு இன்ஸ்பெக்டரே புத்தி சொல்கிறாரே என்று சிரிப்பவர் சிரிக்கட்டும்.

இம்முறையின் முதல் இரண்டு மூன்று வாரங்களில் பகல் சோர்வு அதிகமாக இருக்கும். விசைத்தறி ஓட்டுபவரும் டிராக்டர் ஓட்டுபவரும் வைத்தியரைக் கலக்காமல் இதைத் தொடங்கக் கூடாது. வலிப்புள்ளவருக்கும், உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய் உள்ளவருக்கும் இது கெடுதல் செய்யக்கூடும். பெருங்குறட்டையிட்டு இடையில் மூச்சு நின்று திணறுபவருக்கு வேண்டியது வேறு சிகிச்சை. தூக்க மாத்திரை அவருக்கு ஆபத்தாகவும் முடியலாம். கால் பரபரப்பினால் தூங்காத பெண்களுக்கு இரும்புச் சத்துக் குறைவு காரணமாயிருப்பதுண்டு. விடியுமுன் விழித்து, எதிலும் நாட்டமின்றி, வாழ்வே வேண்டாம் என்று எண்ணுபவரைத் தனியே விட்டுவிடாமல் வீட்டார் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசியில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வைத்தியரைப் பார்க்கச் செல்லும்போது இரண்டு வார நாள்வழிக் குறிப்பையும், இதுவரை உட்கொண்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும், நாட்டு மருந்தாயின் அதன் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.