சாய்ந்த தென்னை வீட்டுக்குக் கட்டிலாகும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னை மரங்களைச் சாய்த்தது. பல தோப்புகளில் மரங்கள் விழுந்த இடத்திலேயே வாரக்கணக்கில் கிடந்தன. மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுகிறது. அந்த வண்டு பிறகு புதிதாக வைத்த கன்றுகளைத் தாக்குகிறது. ஆகவே விழுந்த மரத்தைக் கிடக்க விட்டால் நஷ்டம் இரண்டு மடங்கு.

புயலில் விழுந்தாலும், வயதாகிக் காய்ப்பு நின்றாலும், தென்னை விறகுக்குத்தான் ஆகும் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது சரியல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகர் மணிலாவில் 1981-இல் தென்னை மரத்தையும் சிரட்டையையும் பெருமளவு பயன்படுத்தி ஒரு மாளிகையே கட்டினார்கள். நம் வீட்டுக்குக் கட்டிலும் பெஞ்சும் அலமாரியும் செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

எந்தப் பகுதி கெட்டி?

தேக்கிலும் வேம்பிலும் வைரம் உள்ளே இருக்கும். தென்னையில் வெளியே இருக்கும். வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்திருக்கிறது. தச்சருக்கும் இதுவே பாடம். அடித்தண்டின் வெளிவட்டமே மிகவும் கெட்டி. நடுவிலும் நுனியிலும் உள்ளது சோற்றுப் பகுதி.

உலர்ந்த கட்டையில் ஒரு கன அடி சுமார் 17 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் கட்டில் கால், சட்டம், நாற்காலிக்கு ஏற்றது. 11 முதல் 17 கிலோ வரை இருந்தால் அலமாரித் தட்டு போன்ற பாரம் குறைந்த வேலைக்கு ஆகும். அதற்கும் குறைந்ததை மேஜை நாற்காலிக்கு எடுக்க வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டிய மரத்தில் கெட்டிப் பகுதி அதிகம். இளமரத்தில் குறைவு.

அறுப்பும் பக்குவமும்

தண்டில் மாவும் சர்க்கரையும் இருப்பதால் பூஞ்சணம் விரைவில் பிடிக்கும். இரண்டு வாரத்துக்குள் அறுத்துவிடுவது நல்லது. சாதாரண ரம்பம் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு பல் வைத்த ரம்பம் உள்ள மில்லாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அறுத்த பச்சைப் பலகையை, 3 பங்கு போராக்ஸும் 2 பங்கு போரிக் அமிலமும் தண்ணீரில் கரைத்த தொட்டியில் நன்றாக முக்கி எடுக்கவும். கையுறை அவசியம். பிறகு தார்ப்பாயால் மூடிச் சில வாரம் வைத்தால் மருந்து உள்ளே ஊறும். இந்த மருந்து மழையில் கரைந்துவிடும். எனவே இப்படிப் பக்குவம் செய்த மரத்தை வீட்டுக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

அதன்பின் பலகைகளுக்கு இடையில் குச்சி வைத்து, நிழலில், காற்றோட்டமாக அடுக்கவும். ஓரங்குலப் பலகை உலர இரண்டு மூன்று மாதம் ஆகும். இதில் அவசரப்பட்டால் கட்டில் செய்த பிறகு கோணிக்கொள்ளும்.

தச்சு வேலை

கெட்டிப் பலகையில் நேராக ஆணி அடித்தால் வெடிக்கும். முதலில் துளையிட்டுத் திருகாணி போட வேண்டும். கழுந்தும் துளையுமாகப் பொருத்துவது அதைவிட உறுதி. சிலாம்பு கையில் ஏறாதபடி உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்து, ஆளி விதை எண்ணெயோ வார்னிஷோ பூசினால், பழுப்பு நிறத்தில் கரும் கோடுகள் ஓடும் அழகு தெரியும்.

கட்டிலுக்குத் தென்னங்கயிறே போதும். புதுக்கயிறு சில நாளில் தொய்யும். கால்மாட்டில் இழுகயிறு விட்டுப் பின்னினால், தொய்யும்போதெல்லாம் இறுக்கிக்கொள்ளலாம். மேலே ஒரு கோரைப்பாய் விரித்தால் கோடைக்கு இதமாக இருக்கும்.

சுவருக்கு என்ன நிறம்?

அடர்ந்த பழுப்புச் சாமானுக்கு வெளிர் சுவர்தான் பொருந்தும். இருண்ட நிறம் அடித்தால் சிறிய அறை இன்னும் சிறியதாகத் தோன்றும். நீற்றிய சுண்ணாம்பை ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, மஞ்சள் காவி சிறிது கலந்தால் வெண்ணெய் நிறம் வரும். சுவரின் அடியில் ஒரு முழம் உயரத்துக்குச் செங்காவிக் கரை கட்டினால் அழுக்கும் தெரியாது, பார்வைக்கும் எடுப்பு.

சமையலறை மஞ்சள் தூளைக் கலக்க வேண்டாம். ஆரத்தி கரைக்கும்போது பார்த்திருப்பீர்கள், சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். வெயிலில் வெளுத்தும் போகும். காவி மண் நிறம் மாறாது. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்தால் வெளிறும் என்பதால், முதலில் ஒரு மூலையில் அடித்துப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது.

விழுந்த மரம் முழுவதையும் இப்படிப் பயன்படுத்த முடியாதுதான். ஆனால் விறகுக்காரரிடம் பேசுவதற்கு முன், அடித்தண்டில் நல்ல பகுதியை வெட்டித் தனியே எடுத்து வையுங்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகள் குடும்பத்தைக் காப்பாற்றிய மரம், அதன்பின்னும் வீட்டுக்குள் கட்டிலாக நின்று உழைக்கும்.