கூட்டு மருந்தும் முற்காப்பும்

பலருக்கு நலம் செய்யும் ஒரு பொருள், ஒரு சிலருக்குத் தீங்கு செய்வது உலகில் புதிதன்று. நிலக்கடலை பல்லாயிரவர்க்கு உணவு. அஃது ஒவ்வாத ஒருவர்க்கோ உயிருக்கே இடர். மருந்தும் இத்தகையதே. எச்.ஐ.வி. கிருமிக்கு எதிரான கூட்டு மருந்தைப் பொறுத்தவரையில் இவ்வுண்மை எவ்வாறு வெளிப்பட்டது, அதிலிருந்து மருத்துவ உலகம் கற்ற பாடம் யாது என்பவற்றை அறிவது அனைவர்க்கும் பயனுடையதாகும்.

கூட்டு மருந்து யாது?

எச்.ஐ.வி. என்பது உடலின் தற்காப்பு அணுக்களைத் தாக்கும் நுண்கிருமி. எய்ட்ஸ் என்பது அக்கிருமி பல ஆண்டுகள் தடையின்றிப் பெருகியபின் தோன்றும் முற்றிய நிலை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை. இக்கிருமிக்கு எதிராக அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற மருந்து சிடோவுடின். ஆனால் ஒரு மருந்தை மட்டும் கொடுத்தபோது, கிருமி நாளடைவில் உருமாறி அம்மருந்தை வென்றுவிட்டது. 1996ஆம் ஆண்டளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வெற்றி கண்டது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி மற்றொன்றில் அகப்படும் என்பதே இம்முறையின் அடிப்படை.

இன்று பலருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை போதுமானதாக இருக்கிறது. அந்த ஒரு மாத்திரைக்குள்ளேயே இரண்டு மூன்று மருந்துகள் அடங்கியிருக்கும். காலத்தே தொடங்கித் தவறாது உண்பவர் ஏனையோரைப் போலவே நெடுங்காலம் வாழ இயலும். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவின் வழியாக அது பிறர்க்குப் பரவுவதுமில்லை. எனினும் இது வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டிய மருந்து. ஆதலின், முதல் மாத்திரைக்கு முன் உடலின் நிலையை அறிந்துகொள்வது இன்றியமையாததாகும்.

அபாகவிர் கற்பித்த பாடம்

1998ஆம் ஆண்டின் இறுதியில் அபாகவிர் என்னும் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கிருமியை அடக்குவதில் அது வல்லது. ஆயினும் அதை உண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர்க்கு ஓர் ஒவ்வாமை தோன்றியது. காய்ச்சல், தோலில் தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, களைப்பு, இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள். பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களுக்குள் அவை தலைகாட்டின. மருந்தை நிறுத்தியதும் நோயாளி தேறினார்.

இடர் அதன் பின்னரே இருந்தது. அக்காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி, உடல் தேறியபின் அதே மருந்தை மீண்டும் உண்டவர்களுக்குச் சில மணி நேரத்திற்குள் இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே இடர் நேர்ந்தது. சிலர் இறந்தும் போயினர். எல்லார்க்கும் அன்றி ஒரு சிலர்க்கு மட்டும் இது நேர்வது ஏன் என்னும் வினா எழுந்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சைமன் மல்லால் என்பவரும் அவர்தம் குழுவினரும் 2002ஆம் ஆண்டில் அதற்கு விடை கண்டனர். ஒவ்வாமைக்கு ஆளானோரிடம் எச்.எல்.ஏ.-பி 5701 என்னும் மரபணு வகை மிகுதியாகக் காணப்பட்டது. உடலின் ஏறத்தாழ ஒவ்வோர் அணுவும் தனக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை ஒரு தட்டில் ஏந்தித் தற்காப்பு அணுக்களுக்குக் காட்டுகிறது. அத்துணுக்குகளைக் கண்டே, இது நம் உடல், இது அயல் என்று தற்காப்பு அணுக்கள் பகுத்துணர்கின்றன. மேற்கூறிய மரபணு வகை உடையவரிடத்தில் அபாகவிர் அத்தட்டின் பள்ளத்தில் சென்று பொருந்தி, அதன் வடிவை மாற்றிவிடுகிறது. அதனால் வேறு துணுக்குகள் அதில் ஏறுகின்றன. தற்காப்பு அணுக்களோ தம் உடலையே பகையெனக் கருதித் தாக்குகின்றன.

இவ்வுண்மையைச் சோதித்தறிய 19 நாடுகளைச் சேர்ந்த 1,956 நோயாளிகளைக் கொண்டு ஒரு பேராய்வு நடந்தது. அதன் முடிவு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பிரிவினர்க்கு முன்னதாகவே மரபணுச் சோதனை செய்து, அவ்வகை உடையோர்க்கு அபாகவிர் கொடுக்காது விட்டனர். மற்றப் பிரிவினர்க்கு அந்நாளைய வழக்கப்படி சோதனையின்றியே மருந்து கொடுத்தனர். தோலில் மருந்தை ஒட்டிப் பார்க்கும் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட ஒவ்வாமை, சோதனையின்றி உண்ட பிரிவில் 2.7 விழுக்காட்டினர்க்கு நேர்ந்தது. முன்னதாகச் சோதிக்கப்பட்ட பிரிவிலோ ஒருவர்க்குமில்லை. அதே ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் இச்சோதனையைச் செய்யுமாறு மருந்தின் எச்சரிக்கையில் சேர்த்தது.

இம்மரபணு வகை ஐரோப்பிய வழியினரிடத்தும் தெற்காசிய வழியினரிடத்தும் கூடுதலாகவும், கிழக்காசிய மக்களிடத்து அரிதாகவும் காணப்படுகிறது. ஆகவே மலேசியா, சிங்கப்பூர் போன்ற பல்லின நாடுகளில் வாழும் தமிழர், அண்டை வீட்டார்க்கு ஒத்துக்கொண்டது தமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடுதல் ஆகாது.

பிற ஆய்வுகள்

அபாகவிர் அல்லாத மருந்துகளுக்கும் முன்னாய்வு வேண்டும். அவற்றுள் முதன்மையானது மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உளதா என அறிதல். டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகியவை இரு கிருமிகளையும் அடக்கக்கூடியவை. இரண்டும் உடையவர் இம்மருந்துகளைத் திடீரென நிறுத்தினால், அடங்கிக் கிடந்த ஈரல் நோய் சீறி எழலாம்.

அடுத்தது காசநோய். இருமல், காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் வியர்த்தல் ஆகிய நான்கையும் மருத்துவர் கேட்டறிவர். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின், டொலுடெக்ரவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். ஆதலின் அதனை நாளொன்றுக்கு ஒரு வேளைக்குப் பதிலாக இரு வேளை கொடுப்பர்.

டெனோஃபோவிர் சிலர்க்குச் சிறுநீரகத்தைத் தாக்கும். சிடோவுடின் இரத்தச் சோகையை உண்டாக்கும். எனவே சிறுநீரகம், ஈரல், இரத்தம் ஆகியவற்றின் நிலையையும் சோதிப்பர்.

நோயாளி உண்ணும் பிற மருந்துகளையும் மருத்துவர் அறிய வேண்டும். நீரிழிவுக்குரிய மெட்ஃபார்மினின் அளவை டொலுடெக்ரவிர் இரத்தத்தில் உயர்த்தும். வயிற்றுப் புளிப்பை அடக்கும் அலுமினிய, மக்னீசிய மருந்துகளோ டொலுடெக்ரவிரை உடலில் சேரவிடாது தடுக்கும். ஆகவே அவற்றை உண்பதற்கு 2 மணி நேரம் முன்னரோ 6 மணி நேரம் பின்னரோ டொலுடெக்ரவிரை உண்ண வேண்டும். நாட்டு மருந்து, கடையில் வாங்கும் சத்து மாத்திரை ஆகியவற்றையும் மறையாது சொல்லுதல் நன்று.

முற்காப்பு காலத்தாழ்வு அன்று

ஆய்வுகள் பல உளவெனின் மருந்தைத் தள்ளிப்போடலாமோ எனின், ஆகாது. நோய் உறுதியான ஏழு நாட்களுக்குள்ளும், நோயாளி ஆயத்தமாயிருப்பின் அன்றே கூடவும், மருந்து தொடங்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. பல சோதனைகளுக்கு இரத்தம் எடுத்துவிட்டு, முடிவு வருமுன்பே மருந்தைத் தொடங்குவதுண்டு. முடிவுக்காகக் காத்திருந்தே தீர வேண்டியது அபாகவிருக்கு. கடுந்தலைவலியும் காய்ச்சலும் உடையவர்க்கு மூளையுறைக் காய்ச்சல் இல்லையென முதலில் தெளிய வேண்டும்.

மரபணுச் சோதனையில் அவ்வகை இல்லை என்று வந்தாலும் கவனம் தளர்தல் கூடாது. அபாகவிர் உண்ணத் தொடங்கியபின் மேற்கூறிய அறிகுறிகள் தோன்றின், நோயாளி தாமாகவே முடிவு செய்யாது உடனே மருத்துவரை நாட வேண்டும். ஒவ்வாமையால் நிறுத்தப்பட்ட அபாகவிரை வாழ்நாளில் மீண்டும் தொடவே கூடாது. அது வேறு பெயருடைய கூட்டு மாத்திரைகளிலும் கலந்திருக்கும். ஆதலின் வணிகப் பெயரை மட்டும் அறிந்தால் போதாது. உள்ளே உள்ள மருந்துகளின் பெயர்களையும் அறிந்து, எச்சரிக்கை அட்டையை உடன் வைத்திருத்தல் வேண்டும்.

புதிதாக வந்த மாணவனை வகுப்பில் அமர்த்தும் நல்லாசிரியர், அவன் எதுவரை கற்றான் என்று கேட்டறிந்த பின்னரே அவனுக்குரிய பாடத்தைத் தொடங்குவார். அதற்காக அவனை வாயிலிலேயே நிறுத்திவைப்பதுமில்லை. மருந்து தொடங்குவதற்கும் அம்முறையே பொருந்தும். நோயை மறைப்பவர் இக்கேள்விகளுக்கு விடை கூறும் வாய்ப்பையே இழந்துவிடுகிறார். நோயாளி நாணாது கூறவும், மருத்துவர் பொறுமையுடன் கேட்கவும் வாய்ப்பளிப்பது, நோயுற்றோரை இகழாத சமுதாயமே.